புளி போட்டுத் தேய்த்த விசில்

1952 ஜூன் 9, திங்கள்

ஆரியசாலைக் கருப்பட்டி மொத்த வியாபாரச் சக்கரவர்த்தியும், சைக்கிள் மணி அடிப்பதில் மூவுலகிலும் நிகரற்றவனுமாகிய நயினார் பிள்ளை இன்று சொந்த வீட்டுக்குள்ளேயே தோற்றுப்போனான். எதிரி வேறு யாருமல்ல, அம்மை போன பிறகு என்னை வளர்த்த என் அக்காள் பொன்னம்மை.

என் மனைவி பாகீரதி, கோட்டைக்குள்ளிருக்கிற பெண்பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர். இன்று பள்ளி திறந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம். தெருக் குழந்தைகள் அத்தனைக்கும் நான் மாமா. அப்பா என்று கூப்பிடத்தான் ஆளில்லை. ஆகவே அக்காள் சட்டம் போட்டிருக்கிறாள். பாகீரதி ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, தண்ணீர் இறைக்கக்கூடாது, கொடியில் துணி போடக் கையைத் தூக்கக்கூடாது. மூச்சு விடலாம், அதுவும் மெதுவாக.

"வயித்தைப் போட்டு இந்தக் குலுக்கு குலுக்கினா என்னத்தடே தங்கும்?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? கருப்பட்டியைக் குலுக்கினால் உடையும். அவ்வளவுதான் என் சாஸ்திரம்.

பாகீரதி பித்தளை விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நடையிறங்கும்போது என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். சாம்ராஜ்யத்தையே எழுதிக் கொடுத்துவிடலாம் போலிருந்தது.

ஜூன் 14

நாள் தள்ளியிருக்கிறது என்கிறாள். எழுதினால் கண்பட்டுவிடும். ஆகவே எழுதவில்லை.

ஜூன் 21, சனி

இல்லை. இல்லையாம்.

நேற்றுப் பிள்ளைகளுக்கு நீளந்தாண்டக் காட்டிக் கொடுத்திருக்கிறாள். மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துபோயிற்று. அக்காள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "குதிச்சே கலைச்சுப் போட்டா" என்றாள். அவ்வளவுதான்.

பாகீரதி விசிலைக் கழற்றித் தகரப் பெட்டிக்குள் போட்டாள். "இனி போகல்ல அத்தான்" என்றாள். நான் என்னென்னவோ சொன்னேன். பொன்முடியில் பெய்கிற மழை முழுவதும் இந்த வீட்டுக் கூரைமேல் விழுந்த மாதிரி இருக்கிறது. மிகைப்படுத்தவில்லை.

ஜூன் 24

வீட்டுக்குள் அவள் நடப்பதைப் பார்க்க முடியவில்லை. விளிம்பு வரை எண்ணெய் நிறைந்த கிண்ணத்தைத் தலையில் வைத்தவள் மாதிரி நடக்கிறாள். போன மாசம் இதே பெண்தான் பூனையைத் துரத்திக்கொண்டு மதிலேறினாள்.

அடுத்த தெரு சிவகாமியம்மாள் வந்திருந்தாள். அவளும் அக்காளும் கலந்து பேசி ஒரு பரிகாரம் கண்டுபிடித்திருக்கிறார்கள். சுசீந்திரத்தில் நாள் முழுக்க அடிப்பிரதட்சணம், வெயிலில், பட்டினியாக. பள்ளிக்கூடத்து மண்ணில் குதித்தால் கலையும், கோயில் கல்லில் நாள் பூரா நடந்தால் நிலைக்குமா என்று கேட்டேன். சாமியைக் கேலி பேசாதே என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

நான் இதை விடப்போவதில்லை. வஞ்சியூரில் ஒரு டாக்டரம்மா இருக்கிறாளாம்.

ஜூன் 28

போனோம். டாக்டரம்மா மலையாளத்தில் தொடங்கித் தமிழில் முடிக்கிறவள். பாகீரதியைப் பரிசோதித்தாள். ஒரு குறையும் இல்லையாம். குதித்ததால் எதுவும் போகவில்லை, தாராளமாய்ப் போய் டிரில் எடு என்றாள். எனக்குத் தலையில் கிரீடம் முளைத்தது. அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"இனி நிங்களையும் ஒண்ணு பார்க்கணும், பிள்ளைச்சேட்டா."

என்னையா? ஒரு சிப்பம் கருப்பட்டியை ஒற்றைக் கையால் தூக்குகிறவனையா?

வெளியே வந்ததும் பாகீரதி, டாக்டரம்மா தன்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொல்கிறாள் என்றாள். நம்பவில்லை. வீடு வரை அதே எண்ணெய்க் கிண்ண நடை.

ஜூலை 3

போகவில்லை.

ஜூலை 4

மழை. மழைநாளில் ஆண்பிள்ளை பரிசோதனைக்குப் போகக்கூடாது என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. ஆனாலும் போகவில்லை.

ஜூலை 7

பள்ளிக்கூடத்துப் பெண்கள் நாலைந்து பேர் வாசலில் வந்து நின்றார்கள். "டீச்சரே, எப்பழா வருந்நே?" என்று கேட்டார்கள், எப்போது பள்ளிக்கு வருவாள் என்று. பாகீரதி உள்ளேயிருந்து வெளியே வரவே இல்லை. கதவுக்குப் பின்னால் நிற்பது எனக்குத் தெரிந்தது.

சைக்கிளை எடுத்தேன். வஞ்சியூர் போனேன். அங்கு நடந்ததைச் சக்கரவர்த்திகள் நாட்குறிப்பில் எழுதுவதில்லை.

ஜூலை 12, சனி

குறைவாம்.

டாக்டரம்மா நல்ல மாதிரியாகத்தான் சொன்னாள். உயிரணு அடியோடு இல்லை என்பதில்லை, எண்ணிக்கை குறைவு. தொந்தியைக் குறைக்கணும், நாள் முழுக்கக் கடைமேடையில் உட்கார்ந்தே இருக்கக்கூடாது, கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிக்கக்கூடாது, உடம்பு வியர்க்க ஓடணும், கொஞ்ச மாசம் கழித்து மறுபடி பார்க்கலாம். நிச்சயம் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னாள்.

ஒன்றைப் பத்தாக்கிச் சொல்லியே பிழைத்தவன். எனக்குப் போய்க் குறைவு. சிரிக்கலாம். நாளைக்குச் சிரிக்கிறேன்.

ஜூலை 13

பாகீரதியிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்போ, நான் குதிச்சதனால இல்லியா?"

இத்தனை நாளும் இந்தக் கேள்வியோடுதான் நடந்திருக்கிறாள்.

அக்காளிடம் சொல்லவேண்டாம் என்றாள். சொல்லப்போகிறேன்.

ஜூலை 14

சொன்னேன். சிவகாமியம்மாளும் இருந்தாள். இருக்கட்டும், தெருவுக்குத் தமுக்கடிக்கிற வேலை மிச்சம். குறை என்னிடம்தான், பாகீரதியிடம் ஒன்றுமில்லை, டாக்டரம்மா பரிசோதித்துச் சொல்லிவிட்டாள் என்றேன்.

சிவகாமியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "பொண்டாட்டியக் காப்பாத்த இப்படியும் ஒரு புளுகா?" என்றாள். போன வருஷம் கரமனையாற்றில் முதலையோடு மல்லுக்கு நின்றேன் என்று சொன்னதையும் எடுத்து வைத்தாள். வாழ்நாளில் ஒரு உண்மை சொன்னேன், அதற்கு இந்த மரியாதை.

அக்காள் மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"எலே நயினாரு. இதுல நீ எவ்வளவுடே கூட்டிச் சொல்லுகே?"

"ஒண்ணுமே கூட்டல்லக்கா."

முதலை இல்லை, சக்கரவர்த்தி இல்லை. அதனால்தான் நம்பினாள் என்று நினைக்கிறேன். எழுந்து உள்ளே போனாள். சிவகாமியம்மாள் காப்பிக்குக் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூலை 15

காலையில் அடுக்களையில் தேய்க்கிற சத்தம். அக்காள் செம்பும் உருளியும் தேய்க்கிற இடத்தில் உட்கார்ந்து, பாகீரதியின் விசிலைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தகரப் பெட்டியிலிருந்து எப்போது எடுத்தாளோ. கழுவித் துடைத்து, பாகீரதி கையில் கொடுத்தாள். "நேரமாச்சு, போ" என்றாள். மன்னிப்பு என்ற சொல்லெல்லாம் எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை.

சாயங்காலம் பாகீரதி சொன்னாள், நாள் முழுக்க விசில் புளித்ததாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகுதான் கொஞ்சம் அழுதாள்.

ஜூலை 19

சட்டங்கள் அத்தனையும் பத்திரமாக என் தலைக்கு மாற்றப்பட்டுவிட்டன. நான் சைக்கிள் மிதிக்கக்கூடாது, சிப்பம் தூக்கக்கூடாது, படியேறக்கூடாது. கடைக்கணக்கர் தங்கையன் வாய்க்குள் சிரிக்கிறான். ஓடவேண்டும் என்றல்லவா டாக்டரம்மா சொன்னாள் என்றேன். "அவ கெடக்கா" என்றாள் அக்காள்.

ஜூலை 26

அடுக்களை மாநாடு. பாகீரதி முதல்முறையாக அக்காளை எதிர்த்துப் பேசினாள். "மைனி, உடம்பை ஓட்டுறது என் தொழில். இவரை எங்கிட்ட விட்டுருங்க." அக்காள் வெகுநேரம் தேங்காய் துருவினாள். அப்புறம், "கீழ விழாமப் பாத்துக்கோ" என்றாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

கிள்ளியாற்றங்கரை, காலை ஆறு மணி. அரைக்கால் சட்டையில் சக்கரவர்த்தி. வேடிக்கை பார்க்கத் தெருக் குழந்தைகள், "மாமா, வேகம்" என்று கூச்சல். பென்சிலால் எழுதுகிறேன், மூச்சு வாங்குவதால் எழுத்து கோணுகிறது. டாக்டரம்மாவிடம் மறுபடி போக இன்னும் நாளிருக்கிறது. என்ன சொல்வாளோ. சொல்வதைச் சொல்லட்டும்.

அக்காள் ஆற்றுப்படியில் துடைக்கத் துவர்த்துமுண்டும் குடிக்கச் சுக்குவெள்ளமுமாக உட்கார்ந்திருக்கிறாள்.

"பாகீரதி, அவன் ஒரு சுத்து குறைச்சுட்டான். நான் பாத்தேன்."

பாகீரதி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் போய் நிற்கிறாள், தானும் கூட ஓட. விசில் ஊதிவிட்டாள். போகிறேன்.