ஒத்தை ஆளா செஞ்ச விமானம்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன். நான் அக்கா வீட்டுக்குப் போறேன். உங்க விமானத்தைப் பரிசோதிக்கறவர் சாயங்காலம் வருவார். அவர் சரின்னு சொன்னாதான் நீங்க பறக்க முடியும்.

"ஒத்தை ஆளா நின்னு செஞ்சேன்"னு நேத்து விருந்தாளிங்ககிட்ட சொன்னீங்க. அப்போ பக்கத்துல நின்னு அவங்களுக்குத் தண்ணி ஊத்தினது நான்தான்.

காலையில ஷெட்டுக்குப் போய், இடது இறக்கைச் சட்டத்து மேல போர்த்தி நான் தைச்ச துணியை மொத்தமா பிரிச்சு எடுத்துட்டேன். அவர் வர்றதுக்குள்ள ஒத்தை ஆளா தைச்சிடுங்க. வளைஞ்ச ஊசியும் மெழுகு நூலும் உங்க தட்டுல இருக்கு.

முடிச்சு போடத் தெரியலைன்னா எனக்கு ஃபோன் பண்ணாதீங்க. விருந்தாளிங்களைக் கேளுங்க.

மறந்துட்டேன்: மேல்மூடி இல்லாத விமானத்துல பறக்கறப்போ போட்டுக்க ஒரு கண்ணாடி வாங்கினீங்களே, அதை நான் போட்டுக்கிட்டுப் போறேன். பஸ்ஸுல ஜன்னலோரம் காத்து கண்ணுல அடிக்குது.