இரைச்சலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள்

என் உயிர் மாப்ளே செல்வராசு,

நேற்று உனக்கு முப்பதாம் நாள் பூசை. மார்வலி என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்று தந்தி வந்தபோது எனக்கு அழத்தான் தோன்றியது. இப்போதோ உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. அதைவிட என்மேல். முழுசாகச் சொல்கிறேன், கேள்.

பூசை முடிந்ததும் கவுஞ்சி தாண்டி உன் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். ஆசையாகத்தான் போனேன். மலையிலிருக்கும் ஆரம்பப் பள்ளிகளுக்கு வானொலிப் பாடம் கொண்டு சேர்ப்பது என் பொறுப்பு. முதல் வானொலிப் பெட்டி உனக்குத்தான் கொடுத்தேன். நான்கு வருடமாக உன் மாத அறிக்கையைக் காட்டித்தான் மேலதிகாரிகளிடம் நல்ல பேர் வாங்கினேன். அதைக் காட்டியே இன்னும் பன்னிரண்டு பள்ளிகளுக்குப் பெட்டி கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போட்டால் அவை மலையேறிவிடும். ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது பாட நேரத்தில் உன் வகுப்பில் வந்து உட்கார்ந்திருப்பேனா? வத்தலக்குண்டில் பஸ் ஏறுவதற்குள் மழை, மீட்டிங் என்று ஏதாவது ஒரு சாக்கு.

உன் இடத்துக்கு அட்டுவம்பட்டியிலிருந்து வரவேண்டிய வாத்தியார் இன்னும் வந்து சேரவில்லை. சத்துணவு ஆயாதான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசைமேல் பெட்டி, சந்தனப் பொட்டும் பிளாஸ்டிக் மாலையுமாகப் புது மாப்பிள்ளை போல இருந்தது. பதினோரு மணிக்குப் பாடம் வருமே என்று திருகினேன்.

உஸ்ஸென்று இரைச்சல். முள்ளை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் நகர்த்தினேன். வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஏரியல் கம்பியை இழுத்துப் பார்த்தேன். ஒரு சொல் விழவில்லை. மறுபடி மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினால், அத்தனை பிள்ளைகளும் சிலேட்டை மடியில் வைத்து, கையைக் கட்டிக்கொண்டு, அந்த இரைச்சலைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சிரிப்பு இல்லை, சலசலப்பு இல்லை.

முன்வரிசையில் இருந்த சிறுமியிடம் கேட்டேன். "இது எப்பம்மா பேசும்?"

"அது பேசாதுங்க சார். இந்தப் பள்ளத்துல எடுக்காதுன்னு எங்க சார் சொல்லுவாங்க. அது பாட்டுக்கு இரைஞ்சுக்கிட்டுக் கெடக்கும். சார்தான் புஸ்தகத்தப் பாத்து ரேடியோ மாரியே பேசுவாங்க."

"பேசாத பெட்டிய எதுக்குத் தெறக்கணும்?"

"எத்தன நாளு ஓடுச்சுன்னு ஆபீசுக்கு எழுதணும்ல. ஓட்டாம எழுதுனா பொய்யாயிரும்னு சொல்லுவாங்க."

நாங்கள் ஆசிரியர்களுக்கு முன்கூட்டியே அனுப்பும் பாடக் குறிப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நீயே வானொலியாகியிருக்கிறாய். மேகம் எப்படி உண்டாகிறது என்று அந்தச் சிறுமியைக் கேட்டேன். பிசிறில்லாமல் சொன்னாள். பாடம் நடந்திருக்கிறது, நன்றாகவே நடந்திருக்கிறது. பெட்டி எத்தனை நாள் ஓடியது என்று என் படிவம் கேட்டது. நீ ஓட்டினாய், எழுதினாய். பாடம் காதில் விழுந்ததா என்று கேட்க அதில் ஒரு கட்டம் கிடையாது. அந்தப் படிவத்தைத் தயார் செய்த மகானுபாவன் நான்தான்.

ஆனாலும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, பாவி? பயிற்சிப் பள்ளியில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்தானே நாம்? அந்த ஆத்திரத்தோடுதான் உன் வீட்டுக்குப் போனேன். "என்னம்மா இப்படிப் பண்ணிட்டான்?" என்று உன் பெண்டாட்டி, எனக்குத் தங்கச்சி முறையான புஷ்பத்திடம் குரலை உயர்த்திவிட்டேன். துக்க வீடு என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

அது உன் தகரப் பெட்டியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தது. நீ அனுப்பிய முதல் மாத அறிக்கை. 'எங்கள் பள்ளி பள்ளத்தில் இருப்பதால் ஒலிபரப்பு எடுக்கவில்லை. பெட்டியை மேட்டிலுள்ள வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடலாம். எங்களுக்குக் குறிப்புப் புத்தகம் போதும்.' ஓரத்தில் சிவப்பு மையில், 'குறை எழுத வேண்டாம். திட்டத்துக்குக் கெட்ட பெயர் வரும். திருத்தி அனுப்பவும்.' கீழே என் கையெழுத்து.

சத்தியமாக எனக்கு நினைவே இல்லை. கட்டுக் கட்டாகத் தாள்கள் வரும். அதில் ஒன்றாகக் கிறுக்கித் தள்ளியிருப்பேன்.

"இத ஏம்மா இத்தன நாளா வெளிய எடுக்கல?"

"நேர்ல போயிக் கேளுங்கன்னு நானும் சொன்னேண்ணே. 'மச்சான் மேல எடத்துல மாட்டிக்குவான் புஷ்பம், விடு'ன்னாக."

உண்மையை எழுதினால் நான்கு வருடம் ஊரை ஏமாற்றிய வாத்தியார் என்று உனக்குப் பெயர் வரும். உன் பென்ஷன் தாள்களும் அதே ஆபீசில்தான் இருக்கின்றன. இதைச் சாக்கு வைத்து யாரும் நிறுத்திவிடலாம். எழுதாவிட்டால் பெட்டிகள் மலையேறும். இரண்டையும் தங்கச்சியிடம் மறைக்காமல் சொன்னேன். அது உன் சட்டை தொங்கிய ஆணியைப் பார்த்துவிட்டுச் சொன்னது.

"எழுதுங்கண்ணே. அவுகளாவது வாயால பாடம் சொன்னாக. மத்த பள்ளிக்கூடத்துல பிள்ளைக வெறும் இரைச்சலக் கேட்டுக்கிட்டா உக்காந்திருக்கணும்?"

என்னைவிடப் பெரிய அதிகாரி அது, மாப்ளே.

திங்கட்கிழமை உன் முதல் அறிக்கையையே மேலே வைத்து அனுப்புகிறேன், என் கிறுக்கலோடு. 'வாத்தியார் உண்மையை எழுதினார், திருத்தச் சொன்னவன் நான்' என்று அதனடியில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அந்தப் பன்னிரண்டு ஊருக்கும் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானே நடந்து போய், காதில் விழுந்த இடத்தில் மட்டும்தான் கொடுப்பேன். விழாத இடத்துக்குப் புத்தகம் போகும். தங்கச்சியின் பென்ஷன் வந்து சேரும்வரை அந்த ஆபீஸ் வாசலை விட்டு நகரமாட்டேன். உள்ளே எனக்கு நாற்காலி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

நீ வாயை மூடிக் காப்பாற்றி வைத்த நல்ல பேரை நானே கெடுத்துக்கொள்ளப் போகிறேன். இந்த ஒரு தடவை என்னைத் தடுக்காதே.

உன் பெண்டாட்டிக்கு அண்ணனாகவே இருக்கப்போகும்
உன் மச்சான்,
காசிநாதன்