நெமிலிச்சேரிக் கட்டத்தில் ஒரு புள்ளி

ஊரே தூங்குகிற நேரத்தில் உன்னை எழுப்புகிற மாதிரி எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பாப்பாவுக்குப் பால் கரைக்க இந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். துருவாடை வந்தது. துருதானா, வேறு ஏதாவதா, புரியவில்லை. உனக்கென்றால் முகர்ந்ததுமே தெரிந்திருக்கும். போன மழையில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

படிப்பு முடித்து அந்தத் தண்ணீர் ஆய்வு புராஜெக்டில் நாம் சேர்ந்தபோது, அம்பத்தூரிலிருந்து பட்டாபிராம் தாண்டி வரைக்கும் வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டு, பாட்டிலோடு கிணறு கிணறாக அலைந்தோம். தண்ணீர், ஏரியில் மிஞ்சிய மீன், தவளை, தொழிற்சாலை எவ்வளவு தூரம், எல்லாவற்றையும் நீ கம்ப்யூட்டரில் ஏற்றுவாய். செருப்பை வெளியே விட்டுவிட்டு அந்த ஏசி அறைக்குள் நுழையும்போதெல்லாம், "கோயில்லகூட இவ்ளோ பயந்து நடந்ததில்லடி" என்பாய். பிரிண்டர் கிறீச்சிட்டு வரைபடத்தை அடித்துத் தள்ளும். ஆபத்தான கட்டத்தில் நட்சத்திரம். பயமில்லாத கட்டத்தில் புள்ளி. நாம் போகாத கட்டம் காலி.

காலியாக இருந்தால் பார்க்க நன்றாக இல்லை, பூஜ்யம் போட்டு நிரப்பிவிடுங்கள் என்றார் புராஜெக்ட் சார். பூஜ்யம் போட்டால் அங்கே புள்ளி விழும்.

"பூஜ்யம்னா நல்ல தண்ணின்னு அர்த்தம் சார். இது நமக்குத் தெரியாத தண்ணி" என்றாய் நீ.

அதற்குள் எனக்குக் கல்யாணம் வந்துவிட்டது. பிறகு நீ விட்டுக்கொடுத்தாயா, சார் விட்டுக்கொடுத்தாரா, நான் கேட்கவே இல்லை. நீ அனுப்பிய வரைபடம் மட்டும் வந்து சேர்ந்தது.

இப்போது குடியிருப்பது நெமிலிச்சேரியில். அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி இருக்கிறது. நீ வந்து மொண்டு பார்த்து வைத்த புள்ளியா, சாருக்காக விழுந்த புள்ளியா? புள்ளிதானே, அப்புறம் என்ன என்கிறார் பாப்பாவின் அப்பா. வீட்டுக்கார அம்மாவுக்கோ சிரிப்பு.

"இன்னாம்மா நீ, எங்க ஊட்டுப் புள்ளைங்க அல்லாம் இத்தக் குடிச்சிகினுதான் வளந்துச்சிங்க. படிச்சவங்களுக்குத்தான் தண்ணி மேலகூட சந்தேகமா கீது."

அவர் சொல்வதும் பொய்யில்லை. பாப்பாவுக்கு வயிறு சரியில்லாததும் பொய்யில்லை. பல் முளைப்பதால் இருக்கலாம் என்கிறார் டாக்டர். இருக்கலாம்.

தண்ணீரை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். எதைத் தேட வேண்டும் என்று நாம் சொன்னால்தான் தேடுவார்களாம். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, திரும்பி வந்துவிட்டேன். தண்ணி லாரி வருகிற நாளில் அடுத்த தெருவிலிருந்து குடம் சுமக்கிறேன். அது எந்தக் கட்டத்துத் தண்ணீரோ.

தெரியாததைத் தெரியாது என்று சொல்வது உன்னோடு இருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். இன்னும் விடவில்லை. ஆனால் பால் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லையே.

ஆய்வுக்கூடத்தில் எதைத் தேடச் சொல்லட்டும்? சீக்கிரம் பதில் போடு.