பதினோரு புத்தகமும் அரைப் பக்கமும்

ஸாக்ரெப்
24 ஜூன் 2003

ஷிமே,

'அன்புள்ள' என்று தொடங்குவதுதான் வழக்கம். பிரிந்து ஆறு வருடம் ஆகிவிட்டது, அந்தச் சொல்லை ஏன் வீணாக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். போனிலும் பேசலாம். ஆனால் நீ 'உம்' கொட்டிக்கொண்டே படகுக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருப்பாய். காகிதத்தில் உம் கொட்ட முடியாது.

உன் மகள் வந்து சேர்ந்திருப்பாள். கோடை முழுக்க அப்பாவோடுதான் இருப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பதினைந்து வயதில் அவள் உருப்படியாகச் செய்கிற ஒரே காரியம் பிடிவாதம் பிடிப்பதுதான்.

அவளோடு வரும் பெட்டியில் பதினோரு புத்தகங்கள் இருக்கின்றன. செப்டம்பரில் இங்கே மேல்நிலைப் பள்ளி திறப்பதற்குள் படிக்க வேண்டிய கட்டாயப் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் வாசிப்புக் குறிப்பேட்டில் கதைச் சுருக்கம், பாத்திரங்கள், சொந்தக் கருத்து எழுத வேண்டும். நீயும் பள்ளிக்கூடம் போனவன்தான் என்று கேள்வி. இப்போது உன் வாசிப்பெல்லாம் துறைமுகச் சுவரில் ஒட்டுகிற சாவு அறிவிப்போடு சரி. அதிலும் வயதை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவாய். இந்தக் கோடையிலாவது அவள் கையில் புத்தகம் இருக்கும்படி பார்த்துக்கொள்.

மே மாதம் நடந்ததைச் சொல்லியிருக்கமாட்டாள். நகர வாசிப்புப் போட்டியில் அவள் குறிப்பேட்டுக்கு முதல் பரிசு. மேடைக்குக் கூப்பிட்டு நடுவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இந்த நாவல்ல யாரப் பாத்து உனக்குப் பாவமா இருந்துச்சும்மா?” பெண் வாயைத் திறக்கவில்லை. முந்நூறு பேர் பார்க்க, மரம் மாதிரி நின்றாள். என் பதிப்பகத்துக்காரர்கள் எல்லாரும் இரண்டாவது வரிசையில். இருபது வருடமாக மெய்ப்புப் பார்த்துப் பிழைக்கிறவள் நான். அன்றைக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

மிர்தா


ப்ரேகோ
5 ஜூலை

மெய்ப்புத் திருத்தும் மகாராணிக்கு,

வணக்கம். பெட்டியும் மகளும் சேதமில்லாமல் வந்து சேர்ந்தார்கள். பெட்டிதான் கனம். இறக்கிவைத்த என் முதுகு இன்னும் உன் பெயரைச் சொல்கிறது.

நெரினா காலையில் பெரேயின் உணவுக்கடையில் கணவாய் மீன் சுத்தம் செய்கிறாள். யாரும் அனுப்பவில்லை, அவளே போய்க் கேட்டாள். பெரே யாரையும் புகழமாட்டான். அவனே என்னிடம், “உம் பொண்ணு கத்தி புடிக்கிற அழகு எங்கிட்ட இருக்கிற ரெண்டு தடியனுக்கும் வரலடா” என்றான். உனக்கு இது பெருமையாக இருக்காது என்று தெரியும். எனக்கு இருந்தது.

புத்தகத்தைப் பற்றி நானும் கேட்டேன், கடமையை விடவில்லை. “குறிப்பேடு எப்ப எழுதப்போற?” என்றேன்.

“நான் எதுக்குப்பா எழுதணும்? அதெல்லாம் அம்மா எழுதுவாங்க. அஞ்சாம் வகுப்புலேருந்து அவங்கதான் எழுதுறாங்க. நான் பாத்துப் பாத்து எங்கையெழுத்துல இறக்குவேன், அவ்ளோதான்.”

“போட்டியில ஜெயிச்சதுகூடவா?”

“அம்மாதான் ஜெயிச்சாங்க. நான் போய் நின்னேன்.”

இதை உன் கடிதத்தில் தேடிப் பார்த்தேன், காணவில்லை. அச்சுப்பிழையாக இருக்கும்.

ஷிமே


ஸாக்ரெப்
14 ஜூலை

ஷிமே,

உன் நக்கலுக்கு ஒன்றும் குறைச்சலில்லை. ஒற்றெழுத்துகளுக்குத்தான் பஞ்சம்.

எழுதினேன், ஆமாம். ஐந்தாம் வகுப்பில் அவள் தானாக எழுதிய முதல் குறிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். 'புத்தகம் நல்லா இருந்துச்சு. அப்புறம் முடிஞ்சுடுச்சு.' இதைத் தூக்கிக்கொண்டு ஆசிரியையிடம் போகச் சொல்கிறாயா? அந்த அம்மாள் வீட்டு அலமாரியில் இருக்கிற புத்தகங்களில் பாதி நான் மெய்ப்புப் பார்த்தவை. என் மகளா இது என்று கேட்கமாட்டாளா? இந்தக் கட்டடத்தில் பிள்ளைக்குக் குறிப்பேடு எழுதித் தராத தாய் யார் இருக்கிறாள்? மூன்றாவது மாடிப் பல் வைத்தியரின் மனைவி தன் அக்கா பிள்ளையின் போன வருடக் குறிப்பையே திரும்ப இறக்குகிறாள். நான் ஒவ்வொரு புத்தகத்தையும் புதிதாகப் படித்து, பன்னிரண்டு வயதுப் பெண் எப்படி யோசிப்பாள், பதினான்கு வயதுப் பெண் எப்படி யோசிப்பாள் என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். படியெடுக்கிறபோதாவது கண்ணில் பட்டிருக்கும் அல்லவா? கொக்கு மாதிரி வரியை மட்டும் கொத்திக்கொண்டு போயிருக்கிறாள்.

அவளுக்குப் புத்தி இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சோம்பல். அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று எழுதி மையை வீணாக்க விரும்பவில்லை. கணவாய் அரிகிற புகழ் எல்லாம் இந்தக் கோடையோடு நிற்கட்டும். பட்டியலில் இருக்கிற மாவு ஆலைக்கார விதவை நாவலை முதலில் படிக்கச் சொல். போட்டியில் கேட்டது அதைப் பற்றித்தான்.

மிர்தா


ப்ரேகோ
27 ஜூலை

மிர்தா,

'படி'ன்னு சொல்லி அவளைப் படிக்கவைக்க உன்னாலேயே முடியவில்லை, என்னால் முடியுமா? நானே படிக்க ஆரம்பித்தேன். சிரிக்காதே. சிரித்து முடித்தாயானால் மேலே படி.

எங்கள் படகு எதிர்க்கரை ஸாதாருக்குப் போக ஒரு நடை இருபத்தைந்து நிமிடம். கார்களை ஏற்றிக் கயிற்றை அவிழ்த்துவிட்டால் எனக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில் எண்ணெய் டப்பா மேல் உட்கார்ந்து உன் விதவையைப் படித்தேன். கேப்டன் போஷ்கோ மேலேயிருந்து கத்துகிறான்: “ஷிமே, யாருடா செத்தது? இம்மாம் பெரிய அறிவிப்பா போட்டிருக்கானுங்க!” படகு முழுக்கச் சிரிப்பு.

தொண்ணூறாவது பக்கத்தில் சிக்கிக்கொண்டேன். பேர்களெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. வீட்டில் நெரினாவிடம், “அந்தப் பொம்பள கோவேறு கழுதைய விக்கிறாளா இல்லையா?” என்றேன்.

“எனக்கென்ன தெரியும்?”

“உம் பேர்ல பரிசு வாங்கின புத்தகம்டி.”

முறைத்தாள். மறுநாள் புத்தகம் என் பையில் இல்லை. கடைக்குப் பின்னால் மீன் பெட்டி மேல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். மூன்று நாள். முடித்துவிட்டு வந்தவளுக்கு ஒரே கோபம். “கழுதைய யாருமே ஒரு வார்த்த கேக்கலப்பா! பதினோரு வருஷம் கல்லு சுத்துச்சு!” நான் விதவை பக்கம் பேசினேன். சாப்பாட்டு மேசையில் பெரிய சண்டை. சூப் ஆறிவிட்டது.

அன்றைக்கே அரைப் பக்கம் எழுதினாள். யாரும் சொல்லாமல். இதோடு வைத்திருக்கிறேன். “அம்மா பாக்கட்டும்” என்று அவள்தான் கொடுத்தாள். உன் கையைக் காலாக நினைத்துக் கேட்கிறேன், திருத்தாதே. சும்மா படி.

இன்னொன்று. அவள் ஸாதாரில் சமையற்கலைப் பள்ளியில் சேர ஆசைப்படுகிறாள். தினமும் என் படகில் போய் வருவாளாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. உன் பதில் வரட்டும் என்றிருக்கிறாள்.

ஷிமே


ஸாக்ரெப்
4 ஆகஸ்ட்

ஷிமே,

படித்தேன். அரைப் பக்கத்தில் பதினேழு பிழை. இரண்டு வாக்கியத்துக்கு எழுவாயே கிடையாது. கழுதைக்காக அழுகிறாள். கழுதை அந்த நாவலில் பாத்திரமே அல்ல, உடைமை. விதவையின் தனிமையைக் காட்டுவதற்காக ஆசிரியர் வைத்தது. ஒன்பதாவது படிக்கப்போகிற பெண்ணுக்கு இது தெரிய வேண்டாமா? திருத்தி, ஓரத்தில் காரணமும் எழுதி அனுப்பியிருக்கிறேன். என் உத்தியோகம் அதுதான். பதிப்பகத்தில் இதற்குச் சம்பளம் தருகிறார்கள், உனக்கு இலவசம். அவளிடம் கொடு, பார்த்துத் திரும்ப எழுதட்டும்.

சமையல் பள்ளியாம். தட்டு ஏந்தவா நான் அவளுக்கு நான்கு வருடம் எழுதினேன்? சுற்றுலாக்காரன் மேசையைத் துடைத்துவிட்டு, சாயங்காலம் அப்பன் படகில் ஏறி வீட்டுக்கு வருவாள். நன்றாயிருக்கிறது குடும்ப லட்சணம். முடியாது என்று சொல். முப்பதாம் தேதி அவள் இங்கே இருக்க வேண்டும்.

மிர்தா


ப்ரேகோ
11 ஆகஸ்ட்

மிர்தா,

உன் கடிதத்தை அவளிடம் கொடுக்கவில்லை. தபால் மூட்டை எங்கள் படகில்தான் வருகிறது. நெரினா ஒரு வாரமாகக் கையில் மீன் வாடையோடு ஓடி வந்து படகுத்துறையில் நிற்கிறாள். “அம்மா எழுதினாங்களா?” தாளைப் பிரித்துப் பார்த்தேன். அவள் எழுதியது எது, நீ எழுதியது எது என்று தெரியவில்லை, அவ்வளவு சிவப்பு. சட்டைக்குள் வைத்துக்கொண்டு, “இன்னும் வரலம்மா” என்றேன். மகளிடம் இதுவரை பொய் சொன்னதில்லை. உன் புண்ணியத்தில் அதுவும் ஆகிவிட்டது.

பெரிய படிப்பாளி நீ. ஒன்று கேட்கிறேன். பதினேழு பிழை கண்ணில் பட்டதே, அவள் எழுதியிருந்தது என்ன என்று பட்டதா? மேடையில் அவளைக் கேட்ட கேள்விக்குத்தான் பதில் எழுதியிருக்கிறாள். இரண்டு மாதம் கழித்து. உனக்கு. இருபத்தைந்து நிமிட வாசகன் எனக்கே புரிகிறது.

அன்றைக்கு என்ன நடந்தது என்று நேற்றுத்தான் முழுசாகச் சொன்னாள். அவள் வாய் திறக்காமல் நின்றதும் நடுவர், “புத்தகத்துக்கே தூக்கம் வந்துருச்சு போல” என்றாராம். மண்டபமே சிரித்ததாம். “அம்மாவத் தேடினேம்ப்பா. எந்திரிச்சு ஏதாவது சொல்லுவாங்கன்னு. அவங்களும் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க.”

இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். நீ அப்படிச் செய்யவில்லை என்றால் எழுது, அவளிடம் சொல்கிறேன்.

பள்ளி மாற்ற இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டுமாம். படிவம் உள்ளே இருக்கிறது. கடைசி நாள் ஆகஸ்ட் 29. கிழித்துப்போட உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அவளுக்கு ஒரு கடிதம் எழுது. அவளுக்கு, அவள் எழுத்துக்கு அல்ல.

ஷிமே


ஸாக்ரெப்
21 ஆகஸ்ட்

ஷிமே,

செய்யவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வராமல் பேனாவை வைத்துவிட்டேன்.

இரண்டாவது வரிசையில் என்னைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். தலைமைப் பதிப்பாசிரியர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நானும் சேர்ந்துகொண்டால் அவள் எனக்கு யாரோ என்பதுபோல ஆகிவிடும் என்று தோன்றியிருக்க வேண்டும். ஒரு விநாடிதான். அவள் அதைப் பார்த்திருப்பாள் என்று நினைக்கவில்லை. உன்னை எவ்வளவோ ஏளனம் செய்திருக்கிறேன். அன்று இரண்டாவது வரிசையில் இருந்தவளைவிட மட்டமான ஆளை நான் பார்த்ததில்லை.

நெரினாவுக்கு எழுதிவிட்டேன். ஆறு தாள் கிழித்தபின் மூன்று பக்கம். திரும்பப் படித்தால் ஒரு பிழையும் இல்லை. ஆனால் எங்கேயோ அவளுக்கு வலிக்கும், எங்கே என்றுதான் எனக்குத் தெரியவில்லை. எனக்கு அது தெரியாது, ஷிமே. உனக்குத் தெரிகிறது. நீ படி. எங்கெல்லாம் வேண்டாம் என்று படுகிறதோ அங்கெல்லாம் அடித்துவிடு. என்னிடம் கேட்க வேண்டாம்.

படிவத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவள் அதைப் பயன்படுத்தமாட்டாள் என்று நம்பிக்கொண்டுதான் போட்டேன். பொய் சொல்ல விருப்பமில்லை. அறையில் அவள் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டு வைத்திருக்கிறேன்.

மிர்தா


ப்ரேகோ
29 ஆகஸ்ட்

மிர்தா,

உன் மூன்று பக்கத்தையும் பேனா எடுத்துக்கொண்டு படித்தேன். முதல் பக்கத்தில் உன் வேலையைப் பற்றி இருந்தது, அடித்தேன். இரண்டாவதில் அவள் எதிர்காலம், அடித்தேன். மூன்றாவதில் நான் வருகிறேன், நல்லபடியாகத்தான், அதையும் அடித்தேன். நடுவில் 'ஆனால்' என்று எட்டு இடத்தில் போட்டிருந்தாய். அதற்குப் பின்னால் வந்ததெல்லாம் போயிற்று. கடைசியில் ஒரு வரிதான் மிஞ்சியது: 'நெரினா, எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்தேன், எழுந்து நிற்கவில்லை.' அதை மட்டும் கத்தரித்து, இன்று காலை படகில் அவளிடம் கொடுத்தேன். படிவத்தையும் கொடுத்தேன். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள், எது வேண்டுமோ நீயே முடிவு செய் என்றேன்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு படித்தாள். மடித்தாள். மறுபடி பிரித்துப் படித்தாள். “இது அம்மாவே எழுதினதா?” என்றாள். ஆமாம் என்றேன். அழுதாளா என்று கேட்பாய். காற்று அடித்தது, தெரியவில்லை.

இறங்கியதும் அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால் போனேன். சமையற்கலைப் பள்ளியில் பெயர் கொடுத்துவிட்டாள். அந்தத் துண்டுத் தாளைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறாள், திருப்பித் தரவில்லை.

ஷிமே