கூடத்தைப் பூட்டியது நான்தான்

அன்புள்ள அக்காவுக்கு,

கல்யாணத்துக்குப் பதினாறு நாள் இருக்கிற வீட்டில் போய் நலமா என்று விசாரிப்பது வீண் வேலை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, ராத்திரி தூங்குகிறாயா, அதை மட்டும் கேட்கிறேன். நான் இங்கே நன்றாகத்தான் இருக்கிறேன். ஊர் முழுக்கத் திட்டியும் ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்.

ஒன்பது நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. நேற்று அத்தான் எடுத்தார். பாவம், நீ பக்கத்திலேயே நின்று முறைத்துக்கொண்டிருக்கிறாய் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. நீ குளிக்கிறாய் என்றார். காலையில் கூப்பிட்டாலும் குளிக்கிறாய், மத்தியானம் கூப்பிட்டாலும் குளிக்கிறாய், சாயங்காலமும் குளிக்கிறாய். எங்கள் நகராட்சி நீச்சல் குளத்தில்கூட அவ்வளவு தண்ணீர் கிடையாதடி அக்கா. அதனால்தான் கடிதம். கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் கிழித்துப் போடு.

சொந்த அக்கா பெண் கல்யாணத்துக்கே பூட்டுப் போட்டவள் என்று நீ பெரியத்தையிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பொய் ஒன்றும் இல்லை. சமுதாயக் கூடத்தைப் பூட்டியது நான்தான். மேலிடத்து உத்தரவு, மண்ணாங்கட்டி என்று யார் தலையிலும் கட்டப் போவதில்லை. ஆனால் பூட்டியதைச் சொன்ன அன்றைக்குப் போனில் பாதியை நீ கேட்கவில்லை, பாதியை நான் சொல்லவில்லை. அந்தச் சொல்லாத பாதிதான் என்னை அரிக்கிறது.

என் வேலை என்னவென்று உனக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை என்று நினைக்கிறேன். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு மேலதிகாரி என்றுதான் சம்பந்தியிடம் சொல்லி வைத்திருக்கிறாயாம். மூன்று பூங்கா, ஒரு நீச்சல் குளம், ஒரு மைதானம், ஒரு பாட்மின்டன் உள்ளரங்கம், பதினொரு பொதுக் கழிப்பறை, அப்புறம் இந்தக் கூடம், எல்லாம் என் பொறுப்பு. ஊஞ்சல் கொக்கி தேய்ந்திருக்கிறதா, குளத்தில் மருந்து கூடிவிட்டதா, கழிப்பறைத் தாழ்ப்பாள் விழுகிறதா, இதுதான் நாள் முழுக்க. எல்லாம் சரியாக நடந்தால் யாருக்கும் என் முகமே தெரியாது. ஒன்று தப்பினால் என் பெயரும் பதவியும் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

கூடத்தில் மேடைக்குப் பக்கத்தில் ஒரு கதவு உண்டு. மூன்று வருஷமாக அதன்மேல் ஒரே புகார், கதவு இறுகுகிறது என்று. எங்கள் தச்சருக்கு ஆபீஸில் ரம்பம் என்று பெயர். தொழிலுக்காக வைத்ததா, பேச்சுக்காக வைத்ததா என்று கேட்காதே, அரைமணி நேரம் அவரிடம் மாட்டினால் உனக்கே தெரியும். புகார் வந்ததும் ரம்பம் போவார், இழைப்புளியால் நாலு இழுப்பு இழுப்பார், சரிசெய்யப்பட்டது என்று எழுதுவார். நான் அதன் கீழே கையெழுத்துப் போட்டுப் புகாரை முடிப்பேன். மழை பெய்தால் மரம் ஊதும், இழைத்தால் சரியாகிவிடும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இப்படி ஐந்து தடவை. ஐந்திலும் என் கையெழுத்து.

போன மாசம் நான் அங்கே போனது அதிகாரியாக இல்லை, சித்தியாக. உன் பெண் அந்தக் கதவு வழியாகத்தானே மேடைக்கு வரவேண்டும்? அலங்கார வளைவு உள்ளே நுழையுமா என்று அளக்க டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் தள்ளினால் நகரவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன், அப்போதும் இல்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, இரண்டு மாசமாக ஒரு பொட்டு மழை கிடையாது. அப்போதுதான் சுருக்கென்று உறைத்தது. மழையே இல்லாமல் மரம் எப்படி ஊதும்?

கதவு நிலையின் இரண்டு பக்கத்தையும் அளந்தேன். ஒரு பக்கத்தைவிட மறுபக்கம் மூன்று விரல் குறைச்சல். ரம்பத்தைக் கூப்பிட்டுக் கேட்டால், ஒவ்வொரு தடவையும் மேல்மூலையைத்தான் சீவியதாகவும், நிலை எப்படிக் கோணினாலும் கதவைக் கனகச்சிதமாகப் பொருத்திவிட்டதாகவும் பெருமையாகச் சொல்கிறார். கதவு ஊதவே இல்லை அக்கா. மேலே போகிற உத்தரம் இறங்கி நிலையை அமுக்கியிருக்கிறது. மூன்று வருஷமாகக் கூரை இறங்க இறங்க, நாங்கள் கதவைச் சீவி அதற்கு வழி விட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

இன்ஜினியர் வந்து அலங்காரக் கூரையின் நாலு பலகையைக் கழற்றிப் பார்த்தார். மேலே இருக்கிற தண்ணீர்த் தொட்டி எத்தனை வருஷமாக ஒழுகியதோ, உத்தரத்துக்கு உள்ளே கம்பி துருப்பிடித்துப் பொரிந்து கிடக்கிறது. விரிசலில் என் சுண்டுவிரல் போகிறது. இன்றைக்கே விழுமா, இரண்டு வருஷம் நிற்குமா என்று தன்னால் சொல்ல முடியாது, ஆனால் இனி ஒரு ஆளைக்கூட உள்ளே விடக்கூடாது என்றார். அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டு என்னிடம் கொடுத்தார். அது ஒரு திங்கட்கிழமை.

இனிமேல் சொல்வதைத்தான் நான் உன்னிடம் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தை மேஜை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டேன். திங்கள், செவ்வாய், புதன், வியாழன். நாலு நாள்.

அவர் சொன்னதில் இரண்டு வருஷம் என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இரண்டு வருஷம் நிற்குமென்றால் இன்னும் ஒரு மாசம் நிற்காதா? பத்திரிகை அடித்தாகிவிட்டது. அறுநூறு பேருக்குச் சொல்லியாகிவிட்டது. இந்த ஊரில் உங்கள் பக்கத்துக்கு யார் இருக்கிறார்கள் என்று சம்பந்தியம்மாள் உதட்டைப் பிதுக்கியபோது, இந்த ஊரிலேயே பெரிய கூடத்தை என் தங்கச்சி எடுத்துக் கொடுத்திருக்கிறாள் என்று நீ சொன்னாயே, அந்தக் குரல் என் காதிலேயே நின்றது. அம்மா போன பிறகு எனக்குத் தலை வாரி விட்டவள், எனக்காகப் படிப்பை நிறுத்தியவள், வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை வைத்துப் பெருமை பேசுகிறாள். அதை எப்படிக் கெடுப்பேன்? தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, ஆடியது. வேறு எவள் வீட்டுக் கல்யாணமாவது அன்றைக்கு இருந்திருந்தால் திங்கட்கிழமை சாயங்காலமே பூட்டியிருப்பேன்.

வியாழக்கிழமை ஆபீஸில் இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்குப் போனேன். உள்ளே ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆண்டு விழாவுக்கு ஆடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். அறுபத்திரண்டு பேர், வருகைப் பட்டியலில் எண்ணிப் பார்த்தேன். எல்லோரும் சேர்ந்து குதிக்கிற இடம் ஒன்று அந்த ஆட்டத்தில் வருகிறது. குதித்தார்கள். ஒரு பெண்ணின் தலையில் பொடிப்பொடியாகக் காரை உதிர்ந்தது. டீச்சர் சிரித்துக்கொண்டே அவள் தலையைத் தட்டிவிட்டு, இது எப்பவும் உதிர்றதுதான் மேடம் என்று என்னிடம் சொல்லிவிட்டு, மறுபடியும் குதிக்கச் சொன்னார்.

நான் கத்திய கத்தலில் இரண்டு குழந்தைகள் அழுதுவிட்டன. வெளியே போங்க, பையை விட்டுட்டு வெளியே போங்க என்று கத்தினேன். எல்லோரையும் வாசலுக்கு வெளியே நிறுத்தி இரண்டு தடவை எண்ணினேன். அப்புறம் காவல்காரரிடமிருந்து பூட்டை வாங்கி நானே பூட்டினேன். சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். நாலு நாளும் எனக்குத் தெரியும் அக்கா. தெரிந்துகொண்டே அந்தக் குழந்தைகளை உள்ளே விட்டிருக்கிறேன். இதற்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை.

அன்று சாயங்காலமே நகர்மன்றத் தலைவர் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான், எல்லோருக்கும் நல்லவராக இருக்கப் பார்ப்பதுதான் அவருடைய கஷ்டம். உங்க வீட்டுக் கல்யாணம் முடியட்டும்மா, அதுக்கப்புறம் பூட்டிக்கலாம், இத்தனை வருஷம் நின்னது இன்னும் மூணு வாரம் நிக்காதா என்றார். நாலு நாளாக எனக்குள் ஓடிய அதே வார்த்தை, வேறொருவர் வாயில் கேட்கும்போது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது தெரியுமா? முடியாது சார் என்றேன். உங்களை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்றார். மாற்றுங்கள், சாவியை அடுத்து வருகிறவரிடம் கொடுக்கும்போது இன்ஜினியர் கடிதத்தையும் சேர்த்துக் கொடுப்பேன் என்றேன்.

அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். ஐந்து கையெழுத்தையும் எழுதினேன், இழுப்பறையில் கிடந்த நாலு நாளையும் எழுதினேன். அதை எதற்கு மேடம் நீங்களே எழுதுகிறீர்கள் என்று ரம்பம் தலையில் அடித்துக்கொண்டார். விசாரணை வரும். வரட்டும். இப்போது மற்ற இடங்களில் முடிந்துபோன புகார்களை எல்லாம் தூசி தட்டி எடுத்து, ஒரே புகார் மூன்று தடவை வந்த இடங்களுக்கு நானே நேரில் போகிறேன். இருபத்தேழு இடம். பத்தொன்பது முடிந்தது. சின்னப் பூங்காவில் ஒரு சறுக்குமரத்தை நேற்று கழற்றச் சொல்லிவிட்டேன், அங்கேயும் பத்துப் பேர் சண்டைக்கு வந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

உன் இரண்டாவது கோபத்துக்கு வருகிறேன். கூடம் போனால் போகட்டும், பெரிய பூங்காவின் புல்வெளியையாவது நமக்கு வைத்திருக்கக்கூடாதா என்றாயாம். மொத்தம் எட்டு விசேஷம் ரத்தாகியிருக்கிறது. யார் முதலில் பதிவு செய்தார்களோ அவர்கள் முதலில் மாற்று இடத்தையும் நாளையும் தேர்ந்தெடுக்கட்டும் என்று முறை வைத்தேன். நாம் ஐந்தாவது. நம் பதிவுத் தேதியைக் கொஞ்சம் முன்னால் தள்ளி எழுதினால் யாருக்கும் தெரியாது என்று கிளார்க் காதோரமாகச் சொன்னான். போய் வேலையைப் பார் என்று விரட்டினேன். நம் தேதிக்குப் புல்வெளி ஒரு தையல்காரருக்குப் போயிற்று. அறுபது வயதில் இரண்டாம் கல்யாணம், மாப்பிள்ளைக் களை சொட்டுகிறது மனுஷர் முகத்தில்.

நமக்கு மிஞ்சியது பாட்மின்டன் உள்ளரங்கம். பச்சைத் தரை, வெள்ளைக் கோடு. உன் பெண்ணிடம் போனில் சொன்னேன். அந்த வாயாடி என்ன சொன்னாள் தெரியுமா? நெட்டைக் கழற்றிடாதீங்க சித்தி, அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீடு, இந்தப் பக்கம் நம்ம வீடு, சர்வீஸ் நான்தான் போடுவேன் என்றாள். நான் சிரித்துச் சிரித்து அழுதேன். கோபக்காரிக்கு இப்படி ஒரு பெண்ணா என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே முந்நூறு பேருக்குத்தான் இடம். அதனால் காலையில் சொந்தபந்தம், சாயங்காலம் மற்றவர்கள் என்று இரண்டாகப் பிரித்திருக்கிறேன். பட்டியல் இதோடு இருக்கிறது, யாரையாவது மாற்ற வேண்டுமானால் அத்தானிடம் சொல்லி அனுப்பு. சம்பந்தியம்மாளை நானே வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு மணி நேரம் பேசினார்கள், ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் கேட்டேன். நான் வாயைத் திறக்காமல் இருந்தேன் என்றால் நீ நம்பமாட்டாய். கடைசியில் தண்ணீர் கொடுத்தார்கள். உன்மேல் குறை ஒன்றும் இல்லை, எல்லாம் இந்தத் தங்கச்சியால் வந்தது என்று அவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். நீயும் அப்படியே சொல், எனக்கு வருத்தமில்லை.

கல்யாணத்தன்று நான் எங்கே நிற்க வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும். மேடையில் உன் பக்கத்தில் நில் என்றால் நிற்பேன். கண்ணிலேயே படாதே என்றால், வாசலில் வண்டி நிறுத்த இடம் காட்டிக்கொண்டு நிற்பேன், அதுவும் என் இலாகாதான். வராதே என்று மட்டும் சொல்லிவிடாதே.

இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பூட்டின மறுநாள் நான் கூட உள்ளே போனபோது, உத்தரம் விழுந்தால் எங்கே விழும் என்று காட்ட இன்ஜினியர் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மேடைக்கு நேர் எதிரே, முதல் வரிசை, இடது பக்கம். பெண்ணைப் பெற்றவர்களுக்கு நாற்காலி போடுகிற இடம்.

உன் பெண் நூறு வருஷம் சிரித்துக்கொண்டு இருக்கட்டும். அத்தான் பிரஷர் மாத்திரையை மறக்காமல் போடட்டும். நீ என்மேல் கோபமாக இரு அக்கா. இந்த வருஷம் பூராவும் கோபமாக இரு, பேரன் பேத்தி எடுத்த பிறகும் அவர்களிடம் என்னைப் பற்றிச் சொல்லிச் சொல்லித் திட்டு. எத்தனை வருஷம் வேண்டுமானாலும் திட்டு. நீ இருந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி