அக்காவின் கல்வெட்டும் என் சுத்த சைவக் கணினியும்

ஐப்பசி, செவ்வாய்.

அக்கா செத்த முப்பத்தோராம் நாளுக்கு இன்னும் ஆறு நாள். அன்று வருகிறவர்களுக்குக் கொடுக்கிற கல்வெட்டு, அவள் நினைவுப் புத்தகம், என் கணினியில்தான் இருந்தது. இன்று காலை பார்த்தால் வைரஸ் முழுவதையும் தின்றிருக்கிறது.

ஆடியிலேயே அத்தான் சொன்னார்: "தம்பி, ஒரு அன்ரிவைரஸ் போட்டு வையன்."

"நான் கண்ட கண்ட இடமெல்லாம் மேயிறேல்லை அத்தான். என்ரை கொம்பியூட்டர் சுத்த சைவம்" என்றேன். அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கணினி எங்கும் மேயவில்லைதான். நேற்று அச்சகத்துப் பென் டிரைவைச் செருகியது நான். கல்வெட்டு வாங்க அது ஊரிலுள்ள செத்தவீடெல்லாம் ஏறி இறங்குகிற சாமான். செத்தவீட்டுக்குப் போய்வந்தால் குளிக்காமல் படியேறாத நான், அதை மட்டும் அப்படியே உள்ளே விட்டேன்.

படங்களை அக்காவின் மகள் கனடாவிலிருந்து திரும்ப அனுப்புவாள். அத்தான் அழுதழுது அக்காவைப் பற்றிச் சொல்ல, நான் தட்டிய பத்துப் பக்கம் வேறெங்கும் இல்லை.

பின்னேரம் அவரே வந்தார்.

"நீ எழுதி வைச்சது நல்லதாப் போச்சு தம்பி. எனக்கு இன்னொருக்காச் சொல்ல ஏலாது."

"ஓம் அத்தான்" என்றேன்.