எந்தப் பக்கத்து இருபது?

அக்கா,

போன வாரம் கடலூரில் ஒரு நர்ஸ் என் கையில் சிவப்பு மூடி போட்ட ஊசி ஒன்றைக் கொடுத்தாள். பார்த்ததும் அதை அப்படியே மேஜையில் வைத்துவிட்டேன். ஊசிக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "எறும்பு கடிக்கிற மாதிரிதாம்மா இருக்கும்" என்று தேற்றினாள். ஊசிக்கா பயந்தேன் நான்? உன்னுடையது ஆரஞ்சு மூடி, அக்கா. நம் ஃபிரிட்ஜ் மேல் பிஸ்கட் டப்பாவில் நீ கடைசியில் போட்டு வைத்திருந்த ஊசி அத்தனையும் ஆரஞ்சு மூடி.

ஆமாம், எனக்கும் ஊசிக் காலம் வந்துவிட்டது. சர்க்கரைக்கு நாலு வருஷம் மாத்திரையில் ஓட்டினேன், இனி இன்சுலின் ஊசிதான் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த நாம், இதிலும் ஒன்றாகிவிட்டோம்.

அந்த நர்ஸ் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். "மருந்துல தினுசு இருக்கும்மா. தண்ணி மாதிரி தெளிவா இருக்கே, அதுல ஒன்னு சாப்பாட்டு நேரத்துக்குச் சட்டுனு வேல செய்யும். பால் மாதிரி இருக்கறது நின்னு செய்யும். உங்களுக்கு ரெண்டும் கலந்தது. குலுக்காதீங்க, உள்ளங்கையில வச்சி உருட்டுங்க." இதெல்லாம் எனக்குத் தெரியும். நீ உருட்டுவதை எத்தனை நாள் பார்த்திருக்கிறேன். அடுத்துச் சொன்னதுதான் தெரியாது. "புட்டியில நாப்பதுன்னு போட்டிருக்கு பாருங்க, ஒரு மில்லியில நாப்பது யூனிட்டுன்னு அர்த்தம். இதுக்குச் செவப்பு மூடி ஊசிதான். நூறுன்னு போட்ட மருந்துக்குத்தான் ஆரஞ்சு. மாத்தி எடுத்தீங்கன்னா அளவே தப்பாயிடும்."

"எவ்ளோ தப்பாவும்?"

"இந்த மருந்த ஆரஞ்சுல இருபது கோடு எடுத்தீங்கன்னா, உள்ள போறது எட்டுதாம்மா."

எட்டு. உனக்கு எழுதிக் கொடுத்தது காலையில் இருபது, ராத்திரிக்கு இருபது. உன் புட்டியிலும் நாற்பது என்றுதான் போட்டிருந்தது. கடைசி மூன்று மாதமும் உனக்குள் போனது எட்டும் எட்டும்தான்.

பஸ்ஸில் சிதம்பரம் வரும் வரை எனக்கு உன் அளவு டேப்தான் ஞாபகம். கல்யாணமாகி வந்த புதிதில் உன் தையல் கடையில் கூடமாட இருக்க வந்தேன். "வாங்க போங்கன்னு என்னக் கூப்புட்டீன்னா கத்திரிய எடுத்து நாக்க வெட்டிடுவேன்" என்றாய். அன்றிலிருந்து நீ, வா, போதான். ஒரு நாள் கீழவீதியிலிருந்து வந்த அம்மாவுக்கு ஜாக்கெட் கை உயரம் எடுக்கச் சொன்னாய். இருபது என்று எழுதிக் கொடுத்தேன். நீ சீட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாய். "இருபது இஞ்சுல கை வச்சா அந்தம்மா மணிக்கட்டு வரைக்கும் தொங்கும்டி. எந்தப் பக்கத்து இருபது இது?" நான் டேப்பின் அந்தப் பக்கம், சென்டிமீட்டர் பக்கம் படித்திருந்தேன். கடையே சிரித்தது. அப்புறம் நீ சொன்னதை நான் மறந்ததே இல்லை: "எண்ண அப்பறம் பாரு. மொதல்ல எந்தப் பக்கம்னு பாரு."

அரை இஞ்சு பிசகினால் பிரித்துத் தைக்கிறவள் நீ. உன் அளவில் தப்பு வருமா?

வரவில்லை. நீதான் முதலில் கண்டுபிடித்தாய். பஸ் ஸ்டாண்டு பக்கத்து மருந்துக் கடையில் பழைய சிவப்பு மூடி ஊசி இல்லையென்று ஆரஞ்சைக் கொடுத்த அன்றைக்கே வந்து என்னிடம் காட்டினாய். "முன்னல்லாம் இருபதுன்னா பாதிக் குழாய் வரும். இப்பப் பாரு, அடியிலயே நிக்குது. இது எந்தப் பக்கத்து இருபதுடி?" நான் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, பாவி. "இருபதுன்னு போட்டிருக்கா இல்லயா? அப்பறம் இன்னா?" என்றேன். நீ விடாமல் கடைக்கே திரும்பிப் போய்க் கேட்டாய். அவன், "புது மாடல்மா, இருபதுன்னா இருபதுதான்" என்று சிரித்து அனுப்பினான். புது மாடலாம்! புடவையா விற்கிறான்? ஜாக்கெட் துணியில் சாயம் போகும் என்றால்கூட நீ முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தானே வாங்குவாய். உயிர் போகிற விஷயத்துக்கு ஒரு வார்த்தை சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

அதற்கப்புறம் உன் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. நீ முதலில் டீயை விட்டாய். பிறகு ராத்திரிச் சோறு. கோயிலில் கொடுத்த பொங்கலை என் கையில் திணித்துவிட்டு விரலைக்கூட நக்காமல் கழுவினாய். அப்படியும் இறங்கவில்லை. மாமா, உன் வீட்டுக்காரர், உன் மிஷின் டிராயரைத் திறந்து மிட்டாய்க் காகிதம் தேடினார். நூல்கண்டும் பித்தானும்தான் இருந்தன. நீ டிராயரை மூடினாய்.

அப்புறம் அந்த டாக்டர். ஆஸ்பத்திரி பேரெல்லாம் எதற்கு, உனக்கும் எனக்கும் தெரியும். "ஒரு புட்டி எத்தினி நாள் வருது?" என்று கேட்டார். நீ உள்ளதைச் சொன்னாய்: "முன்னல்லாம் பத்து நாளு டாக்டர். இப்ப இருவத்தஞ்சு நாள் வருது." அந்த ஒரு பதிலில் எல்லாமே இருந்ததே! ஒரு மனுஷன் கொஞ்சம் யோசித்திருந்தால், அந்த ஊசியை எடுத்துக்கொண்டு வா என்று சொல்லியிருந்தால், நீ இன்றைக்கு மிஷின் மிதித்துக்கொண்டிருப்பாய். அவர் பேனாவை வைத்துவிட்டு, "அப்ப நீங்க ஊசி ஒழுங்காப் போடல" என்றார். உன் உண்மையையே உனக்கு எதிரான சாட்சியாகத் திருப்பிவிட்டார்.

அவரை மட்டும் திட்டினால் நான் யோக்கியமாகிவிடுவேனா? என் பக்கம் திரும்பி, "வீட்ல எப்படி? வாயக் கட்டறாங்களா?" என்றார். நான் சொன்னேன். "தெரியல டாக்டர், ஒளிச்சி வச்சித் தின்றாங்களோ என்னமோ." அவர் அதை எழுதிக்கொண்டார். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். திட்டியிருந்தால் பரவாயில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "போலாமா?" என்று மட்டும் கேட்டாய்.

அடுத்த மாதம் செருப்பு கடித்த காலில் புண். புண் ஆறவில்லை. காய்ச்சல் வந்தது, மூச்சு வாங்கியது, நாலாம் நாள் நீ இல்லை. சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டு: "வாயக் கட்டியிருந்தா இருந்திருப்பா." போன வெள்ளிக்கிழமை உன் வருஷப் படையல். நம் நாத்தனார் ஒரு தட்டு நிறைய லட்டும் ஜாங்கிரியும் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் வைத்து, "ஒளிஞ்சி ஒளிஞ்சித் தின்ன. இப்ப யாரு கேக்கப் போறா, நல்லாத் தின்னு" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ. தட்டை எடுத்துக்கொண்டு போய் வாசலில் வைத்தேன். உன் பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து கூடத்தில் கொட்டினேன். ஆரஞ்சு ஊசி ஒன்று, என் சிவப்பு ஊசி ஒன்று. இரண்டிலும் இருபது கோடு தண்ணீர் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். சிவப்பில் பாதிக் குழாய், ஆரஞ்சில் அடி. "பாருங்க. கண்ணு இருக்கறவங்க வந்து பாருங்க! அக்காவுக்குள்ள போனது இந்த அடியில நிக்கறது மட்டுந்தான்!" என்று கத்தினேன். நாத்தனார் உள்ளே போய்விட்டாள். மாமா மட்டும் இரண்டு ஊசியையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப அவ திங்கவே இல்லியா?" என்றார்.

"இல்ல மாமா. ஒரு நாளும் திங்கல."

அவர் எழுந்து போய் உன் மிஷின் முன்னால் உட்கார்ந்தார். டிராயரைத் திறந்தார், மூடினார். நான் பக்கத்தில் போகவில்லை.

மருந்துக் கடைக்காரனிடம் போய்ச் சண்டை போட்டேன். "நாங்க குடுத்திருக்க மாட்டோமே" என்றான். இப்போது அவன் கல்லாவுக்கு மேல் நானே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன், நாற்பதுக்குச் சிவப்பு என்று. தினம் ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன், கிழித்துவிட்டானா என்று.

இன்றைக்குக் காலையில் அந்த டாக்டரிடமும் போனேன். டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மடியில் என் பை. பைக்குள் உன் டேப், இரண்டு ஊசி. என் முறை வந்தது. "என்னம்மா செய்யுது?" என்றார். இரண்டு ஊசியையும் அவர் மேஜையில் வைத்தேன்.

"எனக்கு ஒன்னும் இல்ல டாக்டர். போன வருஷம் எங்க அக்காவப் பத்தி இந்த நாற்காலியில உக்காந்து ஒரு பொய் சொல்லிட்டேன். எழுதிக்கிட்டீங்க. அந்தச் சீட்ட எடுங்க, அந்த வரியக் கோடு போட்டு அடிக்கணும்."